லண்டனிலிருந்து ஒரு மொட்டைக் கடிதாசி

கையெழுத்தில்லாமல் வருகிற கடிதத்துக்கு நம் ஊரில் மொட்டைக் கடிதாசி என்று பெயர். அதில் எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கலாம். எழுத்து மணிமணியாக இருக்கலாம். இருந்தாலும் அதை வாங்கிப் படிக்கிறவன் முதலில் முகத்தைச் சுளிக்கிறான். "சொல்லுகிறவன் பெயரைப் போட்டுச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்குக்கூட இருக்கிற இந்த ரோஷம், ஆங்கிலம் படித்த நம்மவர்களுக்கு ஓர் இடத்தில் மட்டும் மறந்துபோகிறது. லண்டனிலிருந்து வாரந்தோறும் ஒரு மொட்டைக் கடிதாசி வருகிறது. அதைச் சந்தா கட்டி வரவழைத்துப் படித்து, வேதவாக்கியம் மாதிரி மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் பெயர் 'எகானமிஸ்ட்'.

ராயபுரத்தையும் திருவொற்றியூரையும் எண்ணூரையும் பற்றிப் பேசவேண்டிய ஒருவன் லண்டன் பத்திரிகையை ஏன் கையிலெடுக்கிறான் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வடசென்னையின் தலையில் இன்று விடிந்திருப்பது வெறும் புகையும் சாம்பலும் மட்டுமல்ல, ஒரு கணக்கு. அந்தக் கணக்கை உலகத்துக்கே பாடம் சொல்லிவரும் திண்ணைப் பள்ளிக்கூடம் அந்தப் பத்திரிகை. வாத்தியாரை விட்டுவிட்டு மாணாக்கர்களை மட்டும் ஏசுவது நியாயமாகாது.

முதலில் அதற்குரிய மரியாதையைச் செலுத்திவிடுகிறேன். 1843ஆம் ஆண்டு ஜேம்ஸ் வில்சன் என்பவர் அதை ஆரம்பித்தார். ஸ்காட்லாந்துக்காரர், தொப்பி செய்து விற்ற வியாபாரி. வெளிநாட்டுத் தானியத்துக்குத் தீர்வை போட்டு, நிலப்பிரபுக்களைக் கொழுக்க வைத்து, ஏழையின் ரொட்டியை விலை ஏற்றிய தானியச் சட்டங்களை ஒழிக்க வேண்டும் என்று பத்திரிகை நடத்தினார். 1846இல் அந்தச் சட்டங்கள் ஒழிந்தன. நல்ல காரியந்தான். அன்றிலிருந்து இன்று வரை அந்தப் பத்திரிகைக்கு ஒரே மதம்: தடையற்ற வாணிபம். நூற்றெண்பது வருஷங்களுக்கு மேலாக ஒரு கொள்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது, வருஷத்துக்கொரு கொள்கை மாற்றும் நம் பத்திரிகைகளைப் பார்க்கிறவனுக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். முதல் போட்ட சொந்தக்காரர்கள் ஆசிரியர் மேஜையில் கை வைக்க முடியாதபடி தர்மகர்த்தாக்கள் என்று ஒரு ஏற்பாடு வேறு செய்து வைத்திருக்கிறார்கள். வாரப் பத்திரிகையாக இருந்தும் தன்னை 'நியூஸ்பேப்பர்' என்றே சொல்லிக்கொள்ளும் ஒரு பிடிவாதமும் உண்டு. நடையோ சுருக்கம், தெளிவு, ஓரத்தில் ஒரு குறும்பு. அதை ஆண்ட ஆசிரியர்களில் ஒருவரான கிரௌதர், 'முதலில் எளிதாக்கு, பிறகு மிகைப்படுத்து' என்று இளைஞர்களுக்கு உபதேசம் செய்ததாகச் சொல்வார்கள். உபதேசம் வீண்போகவில்லை.

இத்தனை சிறப்புகளுக்கும் மேலே ஒரு சம்பிரதாயம்: கட்டுரையில் எழுதியவர் பெயர் போடுவதில்லை. விசேஷத் தொகுப்பு, வெளியாரின் கட்டுரை, பதவியை விட்டுப் போகும் ஆசிரியர் எழுதும் கடைசிக் கட்டுரை என்று ஒன்றிரண்டு விலக்குகள் தவிர, மற்றதெல்லாம் பெயரற்ற 'நாம்'. சமாதானமும் கைவசம் இருக்கிறது. "என்ன சொல்லப்படுகிறது என்பதுதான் முக்கியம், யார் சொன்னது என்பது முக்கியமல்ல" என்கிறார்கள். கேட்க அடக்கமாக இருக்கிறது. எப்பொருள் யார் யார் வாய்க் கேட்பினும் என்று நாமே தலையாட்டி விடுவோம் போலவும் இருக்கிறது.

தலையாட்டுமுன் கொஞ்சம் நில்லுங்கள். பெயர் தெரியாத புலவர்கள் நமக்கும் உண்டு. சங்கப் பாட்டுகளில் பாடியவர் பெயர் மறைந்துபோன இடத்தில் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? அந்தப் பாட்டிலிருந்தே ஓர் அழகான தொடரை எடுத்து, 'செம்புலப்பெயல்நீரார்' என்று அந்தப் புலவனுக்குப் பெயர் சூட்டினார்கள். நல்ல சொல் ஒன்று அநாதையாக அலைவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. புனைபெயர் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் 'புதுமைப்பித்தன்' என்று ஒருவர் எழுதினால், அடிக்க வேண்டுமென்றாலும் அணைக்க வேண்டுமென்றாலும் அந்தப் பெயர்மேல் கை வைக்கலாம். 'நாம்' என்பதன்மேல் எங்கே கை வைப்பது?

அந்தப் பத்திரிகை 2000ஆம் ஆண்டு மே மாதம், ஆப்பிரிக்கா நம்பிக்கைக்கே இடமில்லாத கண்டம் என்று அட்டையில் தீர்ப்பெழுதியது. 2011 டிசம்பரில் அதே அட்டையில் ஆப்பிரிக்கா எழுகிறது என்று எழுதியது. கண்டம் அங்கேயேதான் இருந்தது. முதல் தீர்ப்பை எழுதிய கை யாருடையது? அந்தக் கைக்குச் சொந்தக்காரர் ஆப்பிரிக்காவின் எந்த ஊரில் எத்தனை நாள் தண்ணீர் குடித்தார்? தெரியாது. அடக்கம் என்பது புகழ் வரும்போது ஒதுங்கி நிற்பது. பழி வரும்போதும் ஒதுங்கி நிற்பதற்கு வேறு பெயர் இருக்கிறது. ஆசிய நாடுகளைப் பற்றி எழுதும் பத்திக்கு அவர்கள் 'ஆலமரம்' என்று பொருள்படப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஆலமரத்தடியில் நியாயம் பேசியவன் முகத்தைக் காட்டிக்கொண்டுதான் பேசினான். தீர்ப்புத் தப்பென்றால் மறுநாள் அதே தெருவில் அவன் நடந்தாக வேண்டியிருந்தது.

இது வெறும் மரியாதைப் பிரச்னை என்று எண்ணிவிடக் கூடாது. முகமில்லாத இடத்திலிருந்து பேசும்போது கணக்கே வேறு விதமாக வருகிறது. இதற்குச் சரித்திரத்தில் ஒரு சாட்சி இருக்கிறார். அவர் நம் சென்னைக்குக் கவர்னராக வந்தவர்.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப்போய்ப் பெரும் பஞ்சம் வந்தது. சர்க்கார் தலையிட்டு ஏழைகளுக்குச் சோறு போடுவது தர்மத்துக்கு விரோதம், வாணிபம் தன் வழியில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று வில்சனின் பத்திரிகை வாதாடியது. ஒருவனைக் காப்பாற்றுவது இன்னொருவன் கடமையல்ல என்பது அதன் அன்றைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தை லண்டன் கஜானாவில் உட்கார்ந்துகொண்டு நடைமுறைப்படுத்திய அதிகாரி சார்லஸ் டிரெவெலியன். ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். டிரெவெலியனின் பேனா நடுங்கியதாகச் செய்தியில்லை.

அதே டிரெவெலியன் 1859இல் மதராஸ் கவர்னராக வந்தார். அதே வருஷக் கடைசியில் வில்சன், இந்தியாவின் வரவு செலவைச் சீர்படுத்துவதற்கென்று கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். 1857 கலகத்தை அடக்கிய செலவுக்காக 1860இல் அவர் வருமான வரியைக் கொண்டுவந்தார். வருமான வரி நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே பேச்சு. நான் பார்ப்பது டிரெவெலியன் செய்த காரியத்தை. இந்த வரி இந்த நாட்டுக்குப் பொருந்தாது, முதலில் சர்க்கார் தன் செலவைக் குறைக்கட்டும் என்று அவர் தம் பெயரில் குறிப்பெழுதினார். எழுதியதை மதராஸ் பத்திரிகைகளிலும் வெளிவர விட்டார். மேலிடம் சும்மா இருக்குமா? அந்த வருஷமே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. வில்சனும் அதே 1860 ஆகஸ்டில் கல்கத்தாவில் சீதபேதி கண்டு இறந்துபோனார்.

அயர்லாந்து விஷயத்தில் கல்லாக இருந்த மனுஷன் மதராஸ் விஷயத்தில் ஏன் பதவியையே பணயம் வைத்தார்? அவர் மகாத்மாவாக மாறிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அயர்லாந்து அவருக்குக் காகிதத்தில் இருந்தது. மதராஸ் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. வரி கட்டப் போகிறவனுடைய முகம் தெரிந்த ஊரில், தன் பெயரும் அவனுக்குத் தெரிந்திருக்கிற நிலையில், அவர் எழுத வேண்டியிருந்தது. ஊரும் பெயரும் சேர்ந்தால் கணக்கு மாறும் என்பதற்கு இதைவிட என்ன ருசு வேண்டும்?

பதினாறு வருஷம் கழித்து நம் பக்கத்திலேயே தாது வருஷப் பஞ்சம் வந்தது. அதற்கு முன் 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துப் போட்டார். சாவு மிகக் குறைவு. அதற்காக அவரை மெச்சினார்களா? காசைக் கரியாக்கினார் என்று கரித்துக்கொட்டினார்கள். ஜனங்களை உயிரோடு வைத்திருப்பது சர்க்காரின் கடமை என்று இந்தியர்கள் நினைத்துக்கொள்ளும்படி செய்துவிட்டார் என்று கண்டித்தது 'எகானமிஸ்ட்'. பாடம் நன்றாக ஏறியது. 1877 ஜனவரியில் அதே டெம்பிள் மதராஸ் ராஜதானிக்கு அனுப்பப்பட்டபோது, கல்லுடைக்கும் பஞ்சக் கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் மேற்செலவுக்குச் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்துவிட்டார். அது உயிர் தரிக்கவே போதாது என்று தன் பெயரைப் போட்டு எதிர்த்தவர் மதராஸ் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். முகாம்களில் பிணம் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். தென்னாட்டிலும் தக்காணத்திலுமாக அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று கணக்குச் சொல்வார்கள்.

அந்தப் பஞ்சத்தின் தழும்பு ஒன்று இன்றும் சென்னையின் ஊடே கிடக்கிறது. சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு வெள்ளைக்கார வியாபாரி வெட்டிய கால்வாய் 1806லேயே இருந்தது. அதை நகரத்தின் நடுவாகக் கூவத்திலிருந்து அடையாற்றுக்கு இணைக்கும் துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாக 1877-78இல் வெட்டினார்கள். எலும்பும் தோலுமாக வந்தவர்கள் வெட்டிய வாய்க்காலுக்குக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டினவன் பெயர் ஒன்றுகூட எங்கும் இல்லை. அதுவும் ஒருவகைப் பெயரற்ற எழுத்துத்தான், மண்ணில் எழுதியது. அந்தக் கால்வாய் மறுபடியும் நம் கதையில் வரும்.

இனி 1992க்கு வருவோம். உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணர் லாரன்ஸ் சம்மர்ஸ் கையொப்பத்துடன் முந்தின டிசம்பரில் ஓர் உள்குறிப்பு சுற்றுக்குப் போயிருந்தது. அசுத்தத் தொழில்களை ஏழை நாடுகளுக்கு அதிகமாகக் கொண்டுபோகலாமே என்று அது கேட்டது. காரணம் இதுதான். அசுத்தத்தால் வியாதியும் சாவும் வருகின்றன. அதன் நஷ்டம் என்பது அந்த மனிதன் சம்பாதிக்காமல் போகும் கூலி. ஆகவே கூலி எங்கே மிகக் குறைவோ அங்கே விஷத்தைக் கொட்டினால் நஷ்டமும் மிகக் குறைவு. பிப்ரவரி 8ஆம் தேதி இதழில் 'எகானமிஸ்ட்' அதை அம்பலப்படுத்தியது. அதற்காக ஒரு கும்பிடு. ஆனால் அம்பலப்படுத்திய கையோடு என்ன சொல்லிற்று? பேச்சு நாகரிகமில்லாதது, ஆனாலும் பொருளாதார ரீதியில் இந்த வாதத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம் என்று சொல்லிற்று!

அந்தக் குறிப்பு கிண்டலாக எழுதப்பட்டது என்று பின்னால் சமாதானம் சொன்னார்கள். எழுதியவர் வேறொருவர், சம்மர்ஸ் கையெழுத்து மட்டுந்தான் போட்டார் என்றும் தெரியவந்தது. எழுதினவன் கையெழுத்துப் போடவில்லை; கையெழுத்துப் போட்டவன் எழுதவில்லை; 'பதில் சொல்வது கஷ்டம்' என்றவனுக்கோ பெயரே இல்லை. பிரேசில் நாட்டின் சுற்றுச்சூழல் அதிகாரி லுட்சன்பெர்கர், இது பைத்தியக்காரத்தனம் என்ற தோரணையில் தம் பெயரில் பதில் கடிதம் எழுதினார். சில வாரங்களில் அவர் பதவி போயிற்று. சம்மர்ஸ் 1999இல் அமெரிக்காவின் நிதி மந்திரியானார்.

பதில் சொல்வது கஷ்டமா? லண்டனில் கஷ்டமாக இருக்கலாம். எண்ணூரில் அது மிகவும் சுலபம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது மணலியிலிருந்து எண்ணெய் மிதந்து வந்தது. சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளநீரோடு கலந்து வந்தது அது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பசுமைத் தீர்ப்பாயத்தில் சொல்லிற்று. எந்த வழியாக வந்தது? அதே பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக. கால்வாயிலிருந்து கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் பரவி, படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் ஜனங்கள் பக்கெட்டும் மக்கும் எடுத்துக்கொண்டு இறங்கி எண்ணெயை மொண்டார்கள். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியபோதும் பக்கெட்தான். அணுவைப் பிளக்கத் தெரிந்த நாட்டில், கடலை வழிக்க பக்கெட்! அந்த 2023 டிசம்பர் முடிவதற்குள், 26ஆம் தேதி ராத்திரி, உர ஆலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூக்கத்திலிருந்த ஜனங்கள் மூச்சு முட்டித் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

எண்ணெய்க்கு நிவாரணமாக சர்க்கார் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சீர்செய்ய 10,000, பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு 7,500 என்று அறிவித்தது. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தத் தொகை எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்தின் கூலி எவ்வளவு, எத்தனை நாள் போயிற்று என்ற கணக்கிலிருந்துதானே? கூலி குறைந்தவனுடைய நஷ்டமும் குறைவு என்ற அந்த வாஷிங்டன் குறிப்பின் தத்துவம், மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. ஆற்றின் அடியில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள் இருக்கிறாள். அந்தச் சேற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தபோதும் எண்ணெய் படிந்தபோதும் அவளுக்குப் போனது சில நாள் கூலியா, இல்லை அவள் கைக்குத் தெரிந்த ஆறா? ஆற்றுக்கு எந்தக் கட்டத்தில் விலை போடுவது?

இன்னொரு வேடிக்கை. அந்த 7,500 ரூபாயை வாங்க வேண்டுமென்றால் அவள் பெயர் எழுத வேண்டும். ஆதார் கார்டு காட்ட வேண்டும். கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். விஷம் குடித்தவனுக்கு இத்தனை அத்தாட்சி வேண்டும். விஷம் கொட்டுவது சிக்கனம் என்று வாதாடுகிறவனுக்குப் பெயர்கூட வேண்டாம்!

ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். மணலியில் சுத்திகரிப்பு ஆலையை லண்டன் பத்திரிகையா கொண்டுவந்தது? இல்லை. 1960களில் அதைக் கொண்டுவந்தது நம் சர்க்கார். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓட ஆரம்பித்தது. அதுவும் நம் சர்க்கார். அது 2017இல் மூடப்படுமுன்பே பக்கத்தில் அதைவிடப் பெரியவை இரண்டு எழும்பிவிட்டன. அவற்றைத் திறந்தவர்கள் தடையற்ற வாணிபம் பேசியவர்கள் அல்லர். சோஷலிசமும் சமதர்மமும் பேசியவர்கள். மின்சாரம் வேண்டாம், உரம் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம் என்று சொல்ல நானும் தயாரில்லை. இந்தக் கட்டுரையை மின்விளக்கடியில்தான் எழுதுகிறேன். ஆனால் நகரத்துக்கு வேண்டியதெல்லாம் ஏன் ஒரே திசையில் போய்க் குவிந்தது? அடையாற்றுக்கோ நுங்கம்பாக்கத்துக்கோ சாம்பல் குழாய் ஏன் போகவில்லை? அங்கே மனையின் விலை அதிகம், மனிதனின் விலையும் அதிகம். இங்கே இரண்டும் குறைவு. கொடி சிவப்போ பச்சையோ மூவர்ணமோ, கோப்புக்குள் இருந்த கணக்கு ஒன்றுதான். வில்சனின் சீடர்கள் வில்சனைப் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அதனால்தான் அந்தப் பத்திரிகையை ஆராதிக்கும் நம்மவர்கள்மேல் எனக்கு அதிகக் கோபம். கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள் பொது அறிவும் நல்ல ஆங்கிலமும் வரும் என்று அதை மனப்பாடம் செய்கிறார்கள். மொழி மட்டுமா வருகிறது? கூடவே ஒரு தொனியும் வருகிறது. எந்த ஊரிலும் பிறக்காத, எவனுக்கும் பங்காளியாகாத, எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்க்கிற தொனி. பிறகு அந்தப் பையன் அதிகாரியாகி, காட்டுக்குப்பத்தைக் காகிதத்தில் பார்த்து, "பாதிப்பு குறைந்தபட்சம்" என்று எழுதுகிறான். நம் தமிழ்ப் பத்திரிகைகளின் தலையங்கங்களிலும் அந்த 'நாம்' புகுந்துவிட்டது. வளர்ச்சி வேண்டுமென்றால் சில தியாகங்களைச் செய்துதான் ஆக வேண்டும் என்று 'நாம்' எழுதுகிறோம். தியாகம் செய்கிறவன் மட்டும் 'நாமி'ல் சேர்த்தியில்லை!

சந்தை, இல்லாவிட்டால் சர்க்கார் என்று இந்த இரண்டைத் தவிர உலகத்தில் வழியில்லை என்பது அந்தப் பள்ளிக்கூடத்துப் பாலபாடம். பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கத்து மீனவர்களிடையே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில், எந்த நீர்ப்பரப்பில், எவன் வலை போடுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஆறு எவன் பட்டாவிலும் இல்லை. ஆனால் கேட்பாரற்றும் இல்லை. அதில் பேசுகிறவனுக்குப் பெயர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு, நாளைக்கு முறை தப்பினால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் உண்டு. இந்த ஏற்பாட்டில் சச்சரவு இல்லை, குறையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆற்றைக் கெடுத்துவிட்டு அது லாபந்தான் என்று நிரூபிக்க, அந்தக் கூட்டத்தில் எவனுக்கும் வாய் வராது. எதிரில் உட்கார்ந்திருப்பவன் அந்த ஆற்றைத் தின்றுதான் வளர்ந்திருக்கிறான்.

நான் கதை எழுதுகிறவன். கதையில் ஒருவனைச் சாகடிக்க வேண்டுமென்றால்கூட அவனுக்கு ஒரு பெயர் வைத்து, ஒரு தாயைக் கொடுத்து, ஒரு தெருவில் குடிவைத்துவிட்டுத்தான் சாகடிக்க முடிகிறது. அதற்கே ராத்திரித் தூக்கம் போகிறது. ஆயிரம் ஆயிரமாக மனிதர்களைச் செலவுக் கணக்கில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொழில் தர்மம் பாதியாவது இருக்க வேண்டாமா?

அந்தப் பத்திரிகையைக் கொளுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். படியுங்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் அடுத்த முறை அதிலோ, அதன் மாதிரியில் நம் ஊரில் அச்சாகும் எதிலோ, ஏழைகள் எதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று எவராவது எழுதியிருந்தால், மொட்டைக் கடிதாசி வாங்கின கிழவி கேட்கிற கேள்வியைக் கேளுங்கள். ஐயா, உங்கள் பெயர் என்ன? எந்த ஊரில் இருக்கிறீர்கள்? அங்கே எந்தக் கால்வாய் ஓடுகிறது?